2030-க்குள் வறுமை ஒழியுமா? புளியந்தோப்பிலிருந்து ஒரு கேள்வி

வடசென்னைப் புளியந்தோப்பில், எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் ஆண்டு. போன ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டான்: “சார், 2030-க்குள்ள உலகத்துல கடும் வறுமையே இருக்காதுன்னு ஐ.நா. சொல்லுது. நடக்குமா? நிலையான வளர்ச்சி, நிலையான வளர்ச்சின்றாங்களே, அதுக்கும் நம்ம புளியந்தோப்புக்கும் இன்னா சம்பந்தம்? அசைன்மென்ட்டுக்கு இல்ல சார், சும்மா தெரிஞ்சிக்கத்தான்.” அசைன்மென்ட்டுக்குத்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. பரவாயில்லை. இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய் அரசாங்கத்துக்காகக் குடும்பச் செலவுக் கணக்கு எடுத்தவன் நான். என்னிடம் இதைக் கேட்டால் ஒரு டீக்குள் முடியாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

தம்பி, முதலில் நேர் பதில். 2030-க்குள் நடக்காது.

2015 செப்டம்பரில் நியூயார்க்கில் 193 நாடுகள் சேர்ந்து 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. அவற்றின் கீழே 169 உட்பிரிவுகள். முதல் இலக்கின் முதல் பிரிவே நீ கேட்டதுதான்: 2030-க்குள் எல்லா இடத்திலும் எல்லாருக்கும் கடும் வறுமையை ஒழிப்பது. குறைப்பது என்று எழுதவில்லை, ஒழிப்பது என்றே எழுதினார்கள். உலக வங்கியின் 2025 மதிப்பீட்டில் இன்னும் 80 கோடிக்கு மேற்பட்டவர்கள், ஏறக்குறைய உலகத்தில் பத்தில் ஒருவர், கடும் வறுமைக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். இதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை.

எந்தக் கோடு என்று நீ கேட்கவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போதைய கோடு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டாலர். 1990-ல் உலக வங்கி முதன்முதலில் போட்டபோது அது 1 டாலர். அப்புறம் 2008-ல் 1.25, 2015-ல் 1.90, 2022-ல் 2.15, 2025 ஜூனில் 3. விலைவாசி ஏற ஏறக் கோட்டையும் ஏற்றுகிறார்கள். கடைசித் தடவை விலைவாசியோடு, ஏழை நாடுகள் தங்கள் சொந்த வறுமைக்கோடுகளை உயர்த்தியதும் சேர்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், இலக்கு எழுதிய காகிதத்தில் இன்னமும் 1.25 டாலர் என்றுதான் இருக்கிறது.

டாலர் என்றதும் வங்கி விலையில் பெருக்கி 250 ரூபாய் என்று எழுதிவிடாதே. உன் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். அமெரிக்காவில் 3 டாலருக்கு என்ன கிடைக்குமோ, அதை இங்கே வாங்க எத்தனை ரூபாய் ஆகும் என்பதுதான் கணக்கு. வாங்கும் திறன் சமநிலை என்று உன் பாடத்தில் இருக்கும். அப்படிப் பார்த்தால் 2021 விலையில் தலைக்கு அறுபது ரூபாயை ஒட்டி வரும். நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். வாடகை, அரிசி, பால், மாத்திரை, கரண்ட், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள். உலகத்தின் மிக ஏழை நாடுகள் தங்கள் ஊரில் யாரை ஏழை என்று சொல்கின்றனவோ, அந்தக் கோடுகளையெல்லாம் வரிசையாக வைத்து நடுவில் இருப்பதை எடுத்ததுதான் இந்த 3 டாலர். நைஜருக்கும் காங்கோவுக்கும் போட்ட அளவுகோலை வைத்துப் புளியந்தோப்பை அளந்தால் இங்கே கிட்டத்தட்ட யாருமே ஏழை இல்லை என்றுதான் வரும்.

அப்படித்தான் வந்தும் இருக்கிறது. இந்த 3 டாலர் கோட்டில் இந்தியாவின் கடும் வறுமை 2011-12-ல் 27.1 சதவீதம், 2022-23-ல் 5.3 சதவீதம். பெரிய இறக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் நம்மைப் போன்ற கீழ்-நடுத்தர வருமான நாடுகளுக்கென்று உலக வங்கி இன்னொரு கோடும் வைத்திருக்கிறது: 4.20 டாலர். நம் கணக்கில் சுமார் எண்பத்தைந்து ரூபாய். அந்தக் கோட்டில் பார்த்தால் அதே 2022-23-ல் 23.9 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அறுபது ரூபாய்க்கும் எண்பத்தைந்து ரூபாய்க்கும் நடுவில், ஒரு பிளேட் பஜ்ஜி விலையில், நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் நின்றுகொண்டிருக்கிறார்கள். நான் சொல்ல வந்ததே அவர்களைப் பற்றித்தான். கோட்டைத் தாண்டிவிட்டார்கள், ஆனால் கோட்டை விட்டுத் தள்ளிப் போகவில்லை.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இது நான் சாப்பிட்ட சோறு. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு என்பது ஒரு வீட்டில் உட்கார்ந்து, போன வாரம் முட்டை எத்தனை, போன மாதம் அரிசி எத்தனை கிலோ, அதில் ரேஷன் எவ்வளவு, கடையில் வாங்கியது எவ்வளவு, போன வருடம் செருப்பு வாங்கினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. 2022-23 சுற்றில் 405 பொருள்கள். முன்பெல்லாம் ஒரே உட்காரலில் கேட்டு முடிப்போம். மூன்றாவது பக்கத்திலேயே அந்த அம்மாவுக்கு அலுத்துவிடும், அடுப்பில் ஏதாவது தீயும். இந்தத் தடவை கேள்வித்தாளை மூன்றாகப் பிரித்து, மூன்று மாதத்தில் மூன்று தடவை போகச் சொன்னார்கள். மூன்று தடவை போனால் மறந்தது ஞாபகம் வரும், செலவுக் கணக்கு ஏறும். செலவு ஏறினால் வறுமை இறங்கும். ஆகவே 2011-12 எண்ணையும் 2022-23 எண்ணையும் நேராக ஒப்பிடும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உலக வங்கியும் இதை ஒரு குறிப்பாகச் சொல்லத்தான் செய்கிறது. யார் படிக்கிறார்கள்?

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகரங்களில் தலைக்கு மாதச் செலவு சராசரி 7,630 ரூபாய். அகில இந்திய நகர சராசரி 6,459. நாம் மேலே. ஆனால் பக்கத்துக் கன்னிகாபுரத்தையும் பணக்காரர்கள் இருக்கிற போட் கிளப்பையும் கூட்டி வகுத்தால் எந்தச் சராசரியும் அழகாகத்தான் இருக்கும். நாட்டின் நகரங்களில் கடைசி ஐந்து சதவீதத்தின் செலவு 2,001 ரூபாய். ஒரு நாளைக்கு அறுபத்தேழு.

சரி, உலகத்துக்கு வருவோம். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உன் புத்தகத்திலேயே இருக்கும். 2000-த்தில் புத்தாயிரம் இலக்குகள் என்று எட்டு இலக்குகள் வைத்தார்கள். 1990-ல் இருந்த கடும் வறுமை விகிதத்தை 2015-க்குள் பாதியாக்குவது அதில் முதலாவது. ஐந்து வருடம் முன்னாலேயே, 2010-லேயே, முடிந்துவிட்டது. மேடைகளில் எல்லாரும் முதுகில் தட்டிக்கொண்டார்கள். நியாயமாகப் பார்த்தால் அதில் பெரும் பங்கு சீனாவுடையது. நாற்பது வருடத்தில் அங்கே ஏறக்குறைய 80 கோடிப் பேர் மேலே வந்தார்கள். நிலம், தொழிற்சாலை, சாலை, ஏற்றுமதி என்று அவர்கள் போன வழிக்கும் ஐ.நா. இலக்குகளுக்கும் அதிகம் தொடர்பில்லை. அடுத்தது இந்தியா, வியட்நாம், இந்தோனேசியா. சுலபமாக ஏறக்கூடியவர்கள் ஏறிய பிறகு மிச்சம் இருப்பது கடினமான பகுதி. முந்தைய 2.15 டாலர் கோட்டின்படி 2024-ல் கடும் வறுமையில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். போர், கலவரம், உடைந்த அரசு உள்ள மற்ற நாடுகளையும் சேர்த்தால் நாலில் மூன்று பங்கு. அங்கே இரண்டு வருடம் மழை தவறினாலும் ஒரு வருடம் துப்பாக்கி வெடித்தாலும் பத்து வருட உழைப்பு போய்விடும். 2020-ல் கொரோனா ஒரே வருடத்தில் சுமார் 7 கோடிப் பேரைக் கோட்டுக்குக் கீழே தள்ளியது.

பணம்? பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 0.7 சதவீதம் உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது 1970-ல். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். இத்தனை வருடத்தில் அதைத் தொடர்ந்து கொடுத்த நாடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: நார்வே, சுவீடன், டென்மார்க், லக்ஸம்பர்க் மாதிரி. 2025-ல் அமெரிக்கா தன்னுடைய வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது.

‘நிலையான’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? 1972-ல் ஸ்டாக்ஹோமில் சுற்றுச்சூழல் மாநாடு. அங்கே போன இந்திரா காந்தி, வறுமையும் இல்லாமையும்தானே எல்லாவற்றையும் விடப் பெரிய மாசுபடுத்திகள் என்று கேட்டார். ஏழை நாடுகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு 1987-ல், நார்வேயின் ப்ருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையில் ஐ.நா. அமைத்த குழு, நாளைய தலைமுறையின் தேவைக்குக் கை வைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதுதான் நிலையான வளர்ச்சி என்று விளக்கம் எழுதியது. 1992-ல் ரியோவில் பூமி உச்சி மாநாடு. வறுமை ஒரு தண்டவாளம், சுற்றுச்சூழல் ஒரு தண்டவாளம் என்று தனித்தனியாக ஓடியதை 2015-ல் ஒன்றாக இணைத்தார்கள். காகிதத்தில் இணைந்துவிட்டன. தரையில் அவை எப்படி முட்டிக்கொள்கின்றன என்பதைப் பார்க்க நீ வெளிநாடு போக வேண்டியதில்லை. கொடுங்கையூர் வரைக்கும் போனால் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் நம் தெரு.

நம்மூரில் யாரும் பட்டினியால் சாவதில்லை என்றால் அதற்கு ஐ.நா. காரணமில்லை. 1997-ல் மத்திய அரசு, ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு சுருக்கவில்லை. அரிசி அட்டைக்கு அரிசி, கேள்வி இல்லை. 2011-லிருந்து அதற்குக் காசும் இல்லை. மதிய உணவு 1956-ல் காமராஜர் காலத்தில், 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவாக, 2022-லிருந்து காலை உணவும். பெண்களுக்கு 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கு வருமானத்தைப் பார்க்காது. சத்துணவு, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, குடிநீர், சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு என்று 12 விஷயங்களைப் பார்க்கும். அதில் தமிழ்நாடு 2019-21-ல் வெறும் 2.20 சதவீதம். இதெல்லாம் கை தட்ட வேண்டிய விஷயம்தான். நான் தட்டுகிறேன்.

இப்போது ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி, ஓட்டுகிறார். அந்த அம்மா ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் இறால் உரிக்கிறார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு பிள்ளைகள். நல்ல மாதத்தில் இருவரும் சேர்ந்து பதினெட்டாயிரம் கொண்டுவருவார்கள். தலைக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய். உலகக் கோட்டைப் போல இரண்டரை மடங்கு! ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது பாதியாகும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் மீனவக் குடும்பத்துக்கு. வண்டி ஓட்டுகிறவரும் இறால் உரிக்கிறவரும் கடலை நம்பித்தான் பிழைக்கிறார்கள், ஆனால் மீனவர் அட்டை இல்லை.

போன வருடம் அவர் ஐஸ் பெட்டி ஏற்றும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை, பிளேட், கட்டில் எல்லாம் இலவசம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் நாலு மாதம் வண்டி ஏறவில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அந்த அம்மா ஐந்து வாரம் இறால் உரிக்கப் போகவில்லை. இலவச மருத்துவம் நோயைப் பார்த்துக்கொள்கிறது, கூலி போனதை யார் பார்ப்பது? ஒரே வழி தண்டல்.

தண்டல் உனக்குத் தெரியும். உன் பொருளாதாரப் புத்தகத்துக்குத் தெரியாது, அதனால் கணக்காகவே எழுதிவிடு. 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய், நூறு நாள். சாயங்காலம் ஆனால் பைக்கில் ஆள் வந்து அட்டையில் டிக் போட்டுப் போவார். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது இல்லையா? சராசரியாகப் பார்த்தால் உன் கையில் நூறு நாளும் இருந்த தொகை நாலாயிரத்துச் சொச்சம்தான். நாலாயிரத்துக்கு நூறு நாளில் 1,500. வருடக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போகும். 2003-லேயே கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஆனால் எந்தக் கேள்வியும் கேட்காமல், ராத்திரி ஒன்பது மணிக்கு, அடமானம் இல்லாமல் கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான். அவரை வில்லன் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அவர் வரவில்லை என்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

முதல் தண்டலைக் கட்ட இரண்டாவது தண்டல். அப்புறம் மைக்ரோ ஃபைனான்ஸில் குழு லோன், வாரத் தவணை. கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெரிய பெண் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள்.

இப்போது என் பழைய கேள்வித்தாளோடு அந்த வீட்டுக்குள் போகிறேன் என்று வைத்துக்கொள். விழுவதற்கு முன்னால் போனால் அவர்கள் ஏழை இல்லை. விழுந்த பிறகு போனால்? ஆட்டோ, மாத்திரை, ஸ்கேன், வெளியே வாங்கிய சாப்பாடு எல்லாம் செலவுப் பட்டியலில் ஏறும். கடன் வாங்கிச் செய்த செலவும் செலவுதான், தாளில் அது வேறு நிறத்தில் தெரியாது. போன வருடத்தைவிட அந்தக் குடும்பம் வசதியாகிவிட்டது என்று கணக்குக் காட்டும். இருபத்தாறு வருடத்தில் எத்தனை வீட்டில் இப்படி எழுதியிருக்கிறேனோ. அதிகாரியிடம் ஒருமுறை சொன்னேன். கடனுக்குத் தனிக் கணக்கெடுப்பு இருக்கிறது, இதில் கலக்காதே என்றார். அவர் சொன்னது விதிப்படி சரிதான்.

நூறு வருடம் முன்னால் இந்தப் பகுதியில் இதற்கு ஒரு பதில் இருந்தது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் ஆட்களைச் சேர்த்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் நின்ற இடம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அதுதான். விழுந்தால் சம்பளத்தோடு லீவு, வயதானால் பி.எஃப். என்பதெல்லாம் அப்படிச் சண்டை போட்டு வந்தவை. மில் 1996-ல் மூடியாயிற்று. மில் வேலைக்குப் பதிலாக வந்தவை எல்லாம் வண்டி, டெலிவரி, செக்யூரிட்டி, துணிக்கடை. சம்பளம் கோட்டுக்கு மேலேதான். விழுந்தால் பிடிக்க ஆள் இல்லை. கிராமத்தில் 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமாவது இருந்தது, அது நகரத்துக்கு இல்லை. தமிழ்நாடு 2022-ல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைச் சோதனையாகத் தொடங்கியது. எங்கள் தெருவில் யாரும் அதில் வேலை பார்த்து நான் பார்க்கவில்லை.

இனி கொடுங்கையூர். ஏறக்குறைய 340 ஏக்கர் குப்பைமேடு. ஊர் முழுக்கத் தின்று எறிந்தது வடசென்னையில் வந்து மலையாக நிற்கிறது. புகை, ஈ, நிலத்தடி நீரில் கருப்பு. இப்போது அந்த மேட்டைத் தோண்டி, மண் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்தெடுக்கும் வேலை நடக்கிறது, பயோமைனிங் என்கிறார்கள். நிலையான வளர்ச்சி என்றால் இதுதான், செய்தே ஆக வேண்டும். ஆனால் அந்த மேட்டில் இரும்பு, பாட்டில், ஒயர் பொறுக்கிக் காயலான் கடையில் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. சுற்றுச்சூழல் இலக்கு நிறைவேறுகிற அன்றைக்கு வறுமையை ஒழிக்கும் முதல் இலக்கு அவர்கள் வீட்டில் கவிழும். குப்பையைத் தரம் பிரிக்கிற வேலையையே அவர்களுக்கு மாதச் சம்பளத்தோடு கொடுத்தால் இரண்டும் நிறைவேறும். அதில் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, டெண்டரில் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

துறைமுகக் கரித்தூளும் அப்படித்தான். ராயபுரம் பக்கம் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாத காலம் இருந்தது. உயர் நீதிமன்றம் தடுத்து, 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. எங்களுக்கு மூச்சு வந்தது. கரி எங்கே போனது? இருபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, எண்ணூருக்கு. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோது, காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கத்துப் படகும் வலையும் தார் பூசியதுபோல் ஆயின. அரசு நிவாரணம் கொடுத்தது. ஒரு வலையின் விலையே அதற்கு மேல். நிதி ஆயோக்கின் 12 விஷயங்களில் ஆறு கிடையாது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவருக்கு அந்த ஆறுதான் வங்கி, ரேஷன் கடை, காப்பீடு எல்லாம். அது செத்தால் அவர் வீட்டில் கழிப்பறையும் வங்கிக் கணக்கும் அப்படியே இருக்கும், கணக்கில் அவர் ஏழை ஆகவே மாட்டார்.

ஒரு சின்ன விலகல். பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் ஏரியின் எந்தப் பகுதியில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். மீன் வளமும் தீராது, ஒருவனே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகவும் முடியாது. ப்ருண்ட்லாண்ட் அம்மையாருக்கு வெகுகாலம் முன்னாலிருந்தே இது நடக்கிறது. ஆனால் அந்த முறைக்குள் எல்லாச் சாதிக்கும் இடம் கிடையாது என்பதையும் எழுது. நம் பெருமையைப் பேசும்போது அதை விட்டுவிடுகிறோம்.

சரி, உலகத்தில் எதுதான் வேலை செய்கிறது? என் பார்வையில் ஒன்று உண்டு. 2002-ல் வங்கதேசத்தில் ப்ராக் என்ற அமைப்பு, குழுக் கடன்கூட எட்டாத மிக ஏழைப் பெண்களுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. கடன் கொடுக்கவில்லை. ஒரு மாடோ சில ஆடுகளோ கொடுத்தார்கள். அதை விற்றுத் தின்றுவிடாமல் இருக்க, சில மாதத்துக்குச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். வளர்க்கப் பயிற்சி, சேமிக்க ஒரு கணக்கு, ஒன்றரை இரண்டு வருடத்துக்கு அடிக்கடி வீட்டுக்கு வந்து விசாரிக்க ஒரு ஆள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இதையே இந்தியா, எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் கீழே விழாமல் இருந்தன. நான் அந்தக் கடைசி வரியைத்தான் அடிக்கோடு போட்டேன்.

கேரளம் 2021-ல் வீடு வீடாகத் தேடி 64,006 குடும்பங்களைக் கடும் வறுமை என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக இவருக்கு ரேஷன் அட்டை, இவருக்கு மருந்து, இவருக்கு வீடு என்று திட்டம் போட்டது. 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தது. பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று பொருளாதார அறிஞர்களே கேள்வி எழுப்பினார்கள். எழுப்பட்டும், நல்லதுதான். தமிழ்நாடும் 2024 பட்ஜெட்டில் ‘தாயுமானவர்’ என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. மிக ஏழ்மையான 5 லட்சம் குடும்பங்களை இரண்டு வருடத்தில் மேலே கொண்டுவருவது. 2025-ல் அதே பெயரில் முதியவர்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் திட்டமும் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

ஆனால் புளியந்தோப்பில் ஆட்டை எங்கே கட்டுவது? நகரத்தில் ஏழைக்குச் சொத்து என்பது இடம்தான். மார்க்கெட்டில் உட்கார நாலடி இடம், வண்டி நிறுத்த ஒரு மூலை, வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு. அதனால்தான் இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ பக்கா வீடு கொடுத்து அனுப்பினால், வீட்டுக் கணக்கில் ஒரு படி ஏற்றம், வருமானத்தில் இரண்டு படி இறக்கம். 2020-ல் தெரு வியாபாரிகளுக்கென்று மத்திய அரசு கொண்டுவந்த கடன் திட்டத்தில் தொடக்கத்தில் முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. தண்டல்காரர் கொடுக்கிற அதே 10,000! ஒரு வருடத் தவணை, வட்டியில் 7 சதவீதம் மானியம். கோலம் மாவு விற்கிற ஒரு அம்மாவுக்கு அது கிடைத்தது, நானே பாரம் நிரப்பிக் கொடுத்தேன். மீன்பாடி வண்டிக்காரர் தெரு வியாபாரி இல்லை, அவருக்குக் கிடைக்காது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2024-ல் 4,181 கோடி என்றார்கள். பாலம், பள்ளிக்கூடம், குடியிருப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டும்தான். அதில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, விழுந்தவனுக்கு நாலு மாதக் கூலி கொடுக்கிற நிதி ஒன்று வையுங்கள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். யாரும் கேட்கவில்லை.

உன் அசைன்மென்ட்டுக்கு ஒரு யோசனை. தடைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை காசிமேடு போ. சும்மா உட்கார்ந்திருப்பவர்களிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்காதே, சரியான பதில் வராது. மூன்றே கேள்வி: போன ஒரு வருடத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை, ஏன், அந்த நாட்களில் சாப்பாட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது. முப்பது பேரிடம் கேட்டு எழுதினால் உன் பேராசிரியர் இதுவரை படிக்காத ஒன்றைப் படிப்பார்.

நான் சொன்ன அந்த வீட்டுக்கும் போ, நான் அனுப்பினேன் என்று சொல். அவர் இப்போது வண்டி ஏறுகிறார், பாரம் மட்டும் தூக்குவதில்லை. அந்தப் பெண் துணிக்கடை வேலையை விடாமலே தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதப் பணம் கட்டிவிட்டாள். தண்டல் அட்டையில் இன்னும் முப்பத்தொரு கட்டம் காலியாக இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போகாதே, அது தண்டல்காரர் வருகிற நேரம்.